கணக்கும் வழக்கும்: சொக்சோ விண்ணப்பம் தள்ளுபடியானால் என்ன செய்வது?



நம்மவர் பேச்சில் 'கணக்கு வழக்கு' என்று இரு சொற்களையும் சேர்த்தே சொல்வது பழக்கம். கணக்கு ஒழுங்காக இருக்குமானால் வழக்குக்கு இடமில்லை. ஒருகால் வழக்கு வந்தாலும் கணக்கே கைகொடுக்கும். இம்மாதப் பாடம் அதைப் பற்றியதே. வேலை செய்யும்போது அடிபட்டவரோ, நோயினால் உழைக்க இயலாமற் போனவரோ சொக்சோவுக்கு விண்ணப்பம் செய்கிறார். அது தள்ளுபடியாகித் திரும்பி வருகிறது. அதன்பின் அவர் செய்ய வேண்டியது என்ன? அவரை வேலைக்கு வைத்திருந்த கடைக்காரர்களாகிய நம்முடைய பொறுப்பு என்ன? இவ்விரண்டையும் இங்கே படிப்போம்.

நாம் சட்டம் படித்தவரல்லோம். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நின்று, இப்போது கம்போங் ராஜாவில் மளிகைக் கடை நடத்தி வருகிறோம். ஆகவே வக்கீல் வாதிப்பதுபோல் அல்லாமல், கடைக்காரர் கணக்கு ஒப்பிப்பதுபோலவே சொல்லப் போகிறோம்.

நம் கடையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன், விடாமல் மழை பெய்த ஒரு நாள் காலையில், கடையின் பின்புறப் படியில் நம் சிப்பந்தி ஒருவர் அரிசி மூட்டையோடு சறுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கிவிட்டது. உடனே காரில் ஏற்றிக் கிளினிக்குக் கொண்டுபோனோம். டாக்டருக்கு நாமே பணம் கொடுத்தோம். மூன்று வாரம் வீட்டில் இருக்கச் சொல்லி, சம்பளத்தையும் குறைக்காமல் கொடுத்தோம். அவர் தாயார் கடைக்கு வந்து துஆச் செய்துவிட்டுப் போனார். நல்லதொரு காரியம் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு நாமும் இருந்துவிட்டோம்.

செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று. விபத்து நடந்ததாகச் சொக்சோவுக்கு நாம் அறிவிக்கவில்லை. 'சின்ன அடிதானே, எதற்குப் பாரமும் அலைச்சலும்?' என்று எண்ணினோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த முழங்கால் மடக்க முடியாமற் போயிற்று. அதற்குள் அவர் நம் கடையை விட்டு விலகி, காய்கறி லாரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வேலையில் பட்ட காயம் என்று விண்ணப்பம் செய்தார். விபத்து நடந்ததற்கு ஆதாரமில்லை என்று விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அந்த முடிவைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆதாரம் இருந்திருக்க வேண்டிய இடம் நம் கடை. அங்கேதான் அது இல்லை. கிளினிக் சீட்டில் 'முழங்கால் வலி' என்று மட்டும் இருந்தது. எங்கே, எப்படி விழுந்தார் என்ற சேதியே அதில் இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் நம்மிடம் வந்தார். "மொதலாளி, நான் உங்க கடையில விழலைன்னு எழுதியிருக்காங்க" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுவே நமக்கு அதிகமாக உறைத்தது. நாம் காட்டிய இரக்கம் அவருடைய உரிமையை மறைத்துவிட்டது என்பது அன்றுதான் விளங்கிற்று.

அவர் என்ன ஆனார் என்பதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

சொக்சோ தர்மப் பணம் அன்று

சொக்சோ அல்லது பெர்கெசோ என்று நாம் சொல்லும் ஸ்தாபனம், 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971இல் ஏற்பட்டது. ஒரே ஒரு சிப்பந்தி வைத்திருந்தாலும் கடைக்காரர் அதில் பதிந்துகொள்ள வேண்டும். அறுபது வயதுக்குட்பட்ட சிப்பந்திக்குப் பொதுவாக முதலாளியின் பங்கு சம்பளத்தில் சுமார் 1.75 சதவீதம், சிப்பந்தியின் பங்கு 0.5 சதவீதம். ஒரு மாதத்துச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சந்தாக் கணக்கிடும் சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபர் முதல் 6,000 வெள்ளி.

வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்பவருக்கு இது கிடையாது என்று நம்மில் சிலர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கதை. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் வேலைக் காயத் திட்டத்துக்குள் வந்துவிட்டனர். 2024 ஜூலை முதல் இயலாமைத் திட்டமும் அவர்களுக்கு விரிவாயிற்று. ஊரிலிருந்து நாம் வரவழைத்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

இத்திட்டத்தில் இரு கிளைகள் உண்டு. பாரங்களில் இரு மலாய்ச் சொற்களைக் காண்பீர்கள். 'ஹிலாங் உப்பாயா' என்பது வேலையில் பட்ட காயத்தாலோ வேலையால் வந்த நோயாலோ ஏற்பட்ட ஊனம். 'இலாட்' என்பது எந்தக் காரணத்தால் வந்ததாயினும், இனித் தீராத நோயினால் உழைத்துச் சம்பாதிக்க இயலாத நிலை. இரண்டும் வேறு வேறு. முதலாவதில் 'வேலையால் வந்ததா?' என்பது கேள்வி. இரண்டாவதில் 'போதிய சந்தா உண்டா? சம்பாதிக்கும் சக்தி போய்விட்டதா?' என்பன கேள்விகள். எதில் விண்ணப்பம் செய்தோம் என்பதே தெரியாமல் மேல்முறையீடு செய்பவர், முகவரி எழுதாமல் தபால் போட்டவர் போலாவார்.

இன்னொன்றையும் அவசியம் அறிய வேண்டும். இச்சட்டத்தின் கீழ் வரும் வேலைக் காயத்துக்கு, முதலாளியின் மேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போடச் சிப்பந்திக்கு வழியில்லை. நம்மைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதபடி சட்டம் நமக்கு ஒரு காவல் தந்திருக்கிறது. அதற்கு ஈடாக அவருக்கு எஞ்சியிருக்கும் வழி சொக்சோ ஒன்றே. அந்த வழியையும் நம் அசட்டையால் அடைத்துவிடுவோமானால் அவர் எங்கே போவார்?

தள்ளுபடி இரு வகை

தள்ளுபடிக் கடிதம் வந்ததும் மனம் கலங்குவது இயற்கை. 'சர்க்காரோடு நாம் வழக்காடுவதா?' என்று அதை மடித்து வைத்துவிடுபவர் பலர். மேல்முறையீடு சண்டையன்று. சட்டமே திறந்து வைத்துள்ள வாசல் அது. ஆனால் எந்த வாசல் என்பதைக் கடிதத்தில் உள்ள காரணத்தைக் கொண்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

காரணம் வைத்திய சம்பந்தமானதாக இருக்கலாம். 'இவர் இலாட் நிலையில் இல்லை' என்றோ, 'ஊனம் இத்தனை சதவீதம்தான்' என்றோ டாக்டர்கள் வாரியம் சொல்லியிருக்கலாம். இதற்கு மேல்முறையீடு மேல்நிலை டாக்டர்கள் வாரியத்துக்குச் செல்லும். மலாயில் இதனை 'ஜெமாஆ டோக்டர் ராயுவான்' என்பர்.

அல்லது காரணம் வைத்தியத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கலாம். 'இது வேலையில் நடந்த விபத்தன்று', 'சந்தா போதவில்லை', 'இவர் அக்கடையின் தொழிலாளி அல்லர்' என்பன போன்றவை. இவை சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்கு உரியவை. 'ஜெமாஆ ராயுவான் கெசெலாமாத்தான் சோசியல்' என்று கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டிலும் காலக்கெடு உண்டு. டாக்டர்கள் வாரியத்தின் முடிவு கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். இதை மூன்று மாதம் என்று கணக்கிடாதீர்கள். மார்ச் 10ஆம் தேதி கடிதம் கைக்கு வந்தால், 90ஆம் நாள் ஜூன் 8. ஜூன் 10 வரை இருக்கிறதே என்று இருந்தவர் இரண்டு நாளில் கோட்டை விட்டுவிடுவார். இரண்டாவது வாரியத்துக்கான கடைசித் தேதியைக் கவுண்டரில் கேட்டு, அதைக் கடிதத்தின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள். கடிதம் வந்த உறையையும் எறியக்கூடாது. கைக்கு வந்த தேதியைப் பற்றிக் கேள்வி எழுந்தால் தபால் முத்திரை உதவும்.

டாக்டர்களிடம் சொல்ல வேண்டியது

வைத்திய மேல்முறையீட்டில் நம்மவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நோயைப் பற்றியே பேசுவார்கள். வேலையைப் பற்றிப் பேசமாட்டார்கள். இலாட் பென்ஷனுக்குச் சட்டம் கேட்கும் கேள்வி, 'இவருக்கு நோய் உண்டா?' என்பது மட்டுமன்று. நிலையாக இருக்கும், இனிக் குணமாகாத நோயினால், நல்ல உடலுள்ள தொழிலாளி ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கையேனும் இவரால் சம்பாதிக்க முடியவில்லையா என்பதே கேள்வி.

இதை விளங்கிக்கொள்ள இந்தியாவில் நடந்த வழக்கு ஒன்று உதவும். நம் நாட்டுச் சட்டத்தில் பல வாசகங்கள் இந்தியத் தொழிலாளர் சட்டங்களின் வாசகங்களை ஒத்திருப்பவை. அங்கத்திய தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்றாலும், நியாயம் எந்தக் கேள்வியில் நிற்கிறது என்பதை அது காட்டும். 1968இல் அங்கே தச்சர் ஒருவருக்கு வேலையின்போது இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. சட்டத்தின் அட்டவணைப்படி அது முழு ஊனமாகாது, ஒரு பகுதி ஊனமே என்று முதலாளி தரப்பில் வாதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தச்சு வேலையை ஒரு கையால் செய்ய இயலாது. அவர் செய்துவந்த வேலைக்கு அவர் முற்றிலும் தகுதியற்றவராகிவிட்டார். ஆகவே இது முழு ஊனமே என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள்.

ஒரு கை போனவர் எல்லோருக்கும் ஒரே நஷ்டமன்று. கணக்கு எழுதுபவருக்கு இடது கை போவது ஒரு விதம். தச்சருக்கு வேறு விதம். நம் மலையில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தேயிலை வெட்டுபவர் சரிவில் நின்று, கத்தரியை இரு கையாலும் பிடித்து வெட்ட வேண்டும். முழங்கால் மடங்காதவர் அந்தச் சரிவில் எப்படி நிற்பார்? லாரியில் கோபிஸ் கூடை ஏற்றுபவர், இடுப்பு வளையாமல் எப்படி ஏற்றுவார்?

ஆகவே மேல்முறையீட்டுக்குப் போகும்போது, செய்துவந்த வேலையை எழுத்தில் கொண்டுபோக வேண்டும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நின்றார், எத்தனை கிலோ தூக்கினார், எத்தனை படி ஏறினார் என்று கடைக்காரரே ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம். தானா ராத்தா ஆஸ்பத்திரியிலோ ஈப்போ பெரியாஸ்பத்திரியிலோ பார்க்கும் டாக்டரிடம், நோயின் பெயரோடு நிறுத்தாமல், 'எவ்வளவு நேரம் நிற்க முடியும், எவ்வளவு தூக்க முடியும், இனிக் குணமாகுமா' என்பதையும் எழுதித் தரும்படி பணிவாகக் கேட்கலாம். பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, விடுப்புச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்க வேண்டும். இல்லாத வலியை உண்டென்று சொல்லவே கூடாது. பொய்ச் சாட்சியம் குற்றமாகும். மேலும் ஒரு பொய் பிடிபட்டால் உள்ள உண்மைகளையும் எவரும் நம்பமாட்டார்.

வழியில் நடந்த விபத்து

இரண்டாவது வகைத் தள்ளுபடியில் அடிக்கடி வருவது, வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்து. இதிலும் இந்தியாவில் நடந்த ஒன்று நினைவில் நிற்கத்தக்கது. 1971 ஜூனில் கேரளத்துத் தொழிலாளி ஒருவர் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் லாரி மோதித் தோள் எலும்பு முறிந்தது. காப்பீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொல்லிற்று. கேரள ஐகோர்ட்டும் அப்படியே சொல்லிற்று. ஆனால் 1996இல் உச்ச நீதிமன்றம், சாலையில் போவது வேலையின் பகுதியாகாது என்று முடிவு செய்தது. இருபத்தைந்து ஆண்டு வழக்கு தோற்றது. பின்னர் 2010இல் அந்நாட்டுச் சட்டமே திருத்தப்பட்டு, வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் சேர்க்கப்பட்டது.

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் தாராளமானது. தங்கும் இடத்துக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணமும், அனுமதித்த இடைவேளையில் சாப்பிடப் போய்வரும் பயணமும் சேரும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வழியில் நிறுத்தியோ, வழியை விட்டு விலகியோ போகும்போது நடந்தது சேராது.

திரிங்காப்பிலிருந்து விடியற்காலைப் பனியில் மோட்டார் சைக்கிளில் கடைக்கு வரும் சிப்பந்தி ஒருவரை நினைத்துப் பாருங்கள். வழியில் விழுந்தால் அவருக்கு வேண்டியவை மூன்று: போலீஸ் புகார், அன்று எத்தனை மணிக்கு வேலை என்பதற்கு அத்தாட்சி, வீட்டிலிருந்து கடைவரை வழியை வரைந்த படம். இவற்றில் இரண்டாவது நம்மிடம்தான் உண்டு. வேலை நேரப் பட்டியல் எழுதாத கடையில், 'அன்று காலை ஏழு மணிக்கு அவருக்கு வேலை' என்பதை எதைக் கொண்டு காட்டுவார்?

வேலை நேரத்தில், வேலை செய்யும் இடத்தில் நடந்த விபத்துக்குச் சட்டம் ஓர் அனுமானத்தையும் தருகிறது. மாறான சாட்சியம் இல்லாதவரை, அது வேலையினால் நடந்ததாகவே கொள்ளப்படும். ஆனால் விபத்து நடந்தது என்பதை முதலில் காட்டியாக வேண்டும். நம் கடையில் இல்லாமற் போனது அதுவே.

இரண்டு மாதச் சந்தாவின் விலை

இலாட் பென்ஷன் தள்ளுபடியாவதில் சந்தாக் குறைவு ஒரு முக்கிய காரணம். இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

பென்ஷனுக்கு வழி மூன்று. ஒன்று, விண்ணப்ப அறிவிப்புக் கொடுத்த மாதத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருக்க வேண்டும். அல்லது, முதன்முதல் திட்டத்தில் சேர்ந்த நாள் முதல் உள்ள மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருக்க வேண்டும். அதுவும் இல்லையெனில், மூன்றில் ஒரு பங்குக்கு இருந்தால் குறைந்த தகுதியில் பென்ஷன் உண்டு. பின்னிரண்டிலும் மொத்தம் 24 மாதத்துக்குக் குறையக்கூடாது.

ஒருவர் நம் கடையில் 2020 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை 60 மாதம் வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜனவரியில் அறிவிப்புக் கொடுக்கிறார். முந்திய 40 மாதம் என்பது 2021 செப்டம்பரிலிருந்து 2024 டிசம்பர் வரை. கடைக்காரர், 'ஆள் நிற்பாரோ போவாரோ' என்று சந்தாவை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டி, மொத்தம் 22 மாதந்தான் கட்டியிருக்கிறார். 40க்கு 24 இல்லை. 60இல் மூன்றில் இரண்டு பங்கு 40, அதுவும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு 20, அது உண்டு. ஆனால் குறைந்தது 24 வேண்டுமே! மூன்று கதவும் மூடிவிட்டன. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் சந்தா இருப்பதால் ஒருமுறை கொடுக்கும் தொகை கிடைக்கலாம். மாதாமாதம் வரும் பென்ஷன் போயிற்று.

குறைந்தது இரண்டே மாதச் சந்தா. மாதம் 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு இருவர் பங்கும் சேர்த்து ஒரு மாதச் சந்தா ஏறத்தாழ 38 வெள்ளி. இரண்டு மாதத்துக்கு 80 வெள்ளிகூட இல்லை. இலாட் பென்ஷன் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 சதவீதம் வரை. 50 சதவீதம் என்றே வைத்தாலும் மாதம் 850 வெள்ளி. எண்பது வெள்ளியை மிச்சம் பிடித்து ஒரு குடும்பத்துக்கு மாதம் 850 வெள்ளியை இழக்கச் செய்வதை எந்த வியாபாரி லாபம் என்பார்?

மேலே போகப் போக

இவ்வகை வழக்கை மேல்முறையீட்டு வாரியம் கோர்ட்டுப் போலவே விசாரிக்கும். சாட்சிகளை அழைக்கும், தஸ்தாவேஜுகளைக் கேட்கும். சிப்பந்தி தாமே ஆஜராகலாம், வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம். தோட்டத்து வேலையாட்களுக்கு 1954இல் ஏற்பட்ட தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. அங்கத்தினர்கள் அதனிடம் உதவி கேட்கலாம். வசதியற்றவர்கள் சர்க்காரின் சட்ட உதவி இலாகாவில் விசாரிக்கலாம்.

வாரியத்தின் முடிவும் சாதகமாக இல்லையெனில் ஐகோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அங்கே போவது சட்டப் பிரச்சினைக்காக. 'விழுந்தாரா, விழவில்லையா' என்று ஐகோர்ட்டு புதிதாகச் சாட்சி விசாரிக்காது. 'வாரியம் சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டதா?' என்றே பார்க்கும். மேலே போகப் போக வாசல் குறுகும் என்பதை மறக்கலாகாது. கீழே பதியாத உண்மையை மேலே பதிய முடியாது. ஆகவே எல்லா ஆதாரத்தையும் வாரியத்தின் முன்னிலையிலேயே வைத்துவிட வேண்டும். வக்கீலைக் கலந்துகொள்வதாயினும் அதற்கு முன்பே கலந்துகொள்வது உத்தமம்.

சிப்பந்தி மேல்முறையீடு செய்தால் நம் கடைக்குக் கெட்ட பெயர் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பணம் கொடுப்பது நம் கல்லாப்பெட்டியன்று, சொக்சோ நிதி. அந்நிதியில் நம் சந்தாவும் அவர் சந்தாவும் இருக்கின்றன. அவருக்காக உண்மையைச் சாட்சி சொல்வது நம் கடமை. அதில் நமக்கு நஷ்டம் ஏதுமில்லை.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

முதலாவது, சிப்பந்தி சேர்ந்த 30 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். 'மூன்று மாதம் பார்த்துவிட்டு' என்ற பேச்சு வேண்டாம். சட்டத்தை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இரண்டாவது, விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அறிவியுங்கள். காயம் சிறிது என்று நாம் முடிவு கட்ட வேண்டாம். அதைக் காலந்தான் காட்டும்.

மூன்றாவது, டாக்டரிடம் போகும்போது, 'வேலையிடத்தில், இன்ன மணிக்கு, இப்படி விழுந்தார்' என்று சொல்லி அதைச் சீட்டில் எழுதச் செய்யுங்கள். நான்கு நாள் அல்லது அதற்கு மேற்பட்ட வைத்திய விடுப்பானால், சராசரி நாட்கூலியில் 80 சதவீதம் தற்காலிக ஊனத் தொகையாகக் கிடைக்க வழியுண்டு.

நான்காவது, கண்டவர் பெயரை அன்றே குறித்து வையுங்கள். சிப்பந்திகள் வருவார்கள், போவார்கள். இரண்டாண்டு கழித்து ஊருக்குப் போய்விட்டவரை எங்கே தேடுவது?

ஐந்தாவது, சம்பளம், சந்தா, வேலை நேரம் ஆகியவற்றின் ஏடுகளை ஏழாண்டு வரை பத்திரப்படுத்துங்கள்.

ஆறாவது, நமக்கு நாமே. கடை நடத்தும் நாமும் விழக்கூடியவர்களே. சொந்தத் தொழில் செய்வோருக்கென 2017இல் தனிச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு என்று தொடங்கி, பிறகு சிறுவியாபாரம் முதலிய பல தொழில்களுக்கும் அது விரிந்தது. அதில் சேர்வதைப் பற்றி அருகிலுள்ள அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்ற கட்டளையைச் சிறுவயதிலேயே ஓதிப் படித்தவர்கள் நாம். கடனுக்கு மட்டுமே அது என்று எண்ணிவிட்டோம். நம்மிடம் உழைக்கிறவரின் உடம்பும் நம் கையில் உள்ள அமானிதமல்லவா?

அந்தச் சிப்பந்தி

இனி விட்ட இடத்துக்கு வருவோம். கடிதத்தோடு அவர் வந்த அன்று இரவு, கடையைச் சாத்திவிட்டுப் பழைய புத்தகங்களையெல்லாம் இறக்கிப் பார்த்தோம். சில்லறைச் செலவுப் புத்தகத்தில் ஒரு வரி கிடைத்தது. தேதி போட்டு, 'தம்பி படியில் விழுந்தது, கிளினிக் 45 வெள்ளி' என்று நம் கையாலேயே எழுதியிருந்தோம். விபத்துக்கென்று எழுதியதன்று, கல்லா கணக்குச் சரிவர வேண்டுமே என்று எழுதியது.

அந்தப் புத்தகத்தையும், கிளினிக் ரசீதையும், அன்று கடையிலிருந்த மற்றொரு சிப்பந்தியின் வாக்குமூலத்தையும் சேர்த்து, காலக்கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யச் சொன்னோம். விசாரணைக்கு நாமும் போனோம். "அன்றே ஏன் அறிவிக்கவில்லை?" என்று நம்மைக் கேட்டார்கள். "எங்கள் தவறு" என்றோம். வேறென்ன சொல்வது?

வேலையில் நடந்த விபத்து என்பது ஏற்கப்பட்டது. பின்னர் டாக்டர்கள் பார்த்து ஊனத்தின் சதவீதத்தைக் குறித்தார்கள். பெரிய தொகையல்ல, ஆனால் அவருக்கு உரியது கிடைத்தது. தள்ளுபடிக் கடிதம் வந்த நாளிலிருந்து அதுவரை ஓராண்டுக்கு மேலாயிற்று. அவ்வளவு நாளும் அவர் காலை இழுத்துக்கொண்டே லாரியில் ஏறி இறங்கினார். 48 மணி நேரத்துக்குள் ஒரு பாரம் அனுப்பியிருந்தோமானால் அந்த ஓராண்டு அவருக்கு மிச்சமாகியிருக்கும்.

இப்போது நம் கல்லாவுக்குப் பக்கத்தில், பற்று வரவு ஏட்டோடு இன்னொரு ஏடும் இருக்கிறது. கத்தி கீறினாலும் அதில் தேதி போட்டு எழுதுகிறோம்.

நினைவில் நிறுத்தச் சில வினாக்கள்

1. ஹிலாங் உப்பாயாவுக்கும் இலாட்டுக்கும் வித்தியாசம் என்ன?
2. வைத்தியக் காரணத்தால் தள்ளுபடியானால் எந்த வாரியத்துக்கு, எத்தனை நாளுக்குள் போக வேண்டும்?
3. தச்சர் வழக்கிலிருந்து டாக்டர் கடிதத்தைப் பற்றி நாம் கற்பது என்ன?
4. ஐகோர்ட்டு எதை விசாரிக்கும், எதை விசாரிக்காது?
5. உங்கள் கடையில் இன்று வேலை செய்பவருக்குச் சென்ற 40 மாதத்தில் எத்தனை மாதச் சந்தா கட்டியிருக்கிறீர்கள்?

ஐந்தாவது வினாவுக்கு விடை இக்கட்டுரையில் இல்லை. உங்கள் கடை ஏட்டில் இருக்கிறது. இன்றிரவு கடை சாத்துமுன் எடுத்துப் பாருங்கள். வஸ்ஸலாம்.